பைக்கு அடியில் ஒரு செய்தித்தாள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு முப்பத்தைந்துக்கு குவோ ஜின்ஃபா ஒரு கையில் மீன் குடல் மூட்டையும் மறு கையில் தன் வயிற்றுக் குழாயின் திறந்த வாயுமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று சொல்லித்தர டாக்டர் வேண்டியதில்லை. தொட்டுவிட்டன.

வெளியே குப்பை வண்டியின் பாட்டு டீக்கடை முனைவரை வந்துவிட்டிருந்தது. தைனான் நகரத்தில் அந்தப் பாட்டைக் கேட்டபிறகும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதனை இதுவரை யாரும் கண்டதில்லை. வண்டி உங்களுக்காக நிற்காது. நீங்கள்தான் மூட்டையோடு தெருவில் நிற்க வேண்டும். மறுநாள் புதன், வண்டி கிடையாது. அக்டோபர் புழுக்கத்தில் இரண்டு பால்கெண்டையின் குடல் வியாழன்வரை வீட்டுக்குள் இருந்தால் குடித்தனத்தை வேறு தெருவுக்கு மாற்ற வேண்டியதுதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவருடைய மனைவி யூஷியா ஒரே ஒரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனாள்.

"மீன் குப்பையை மட்டும் போட்டுடு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம், புண்ணியமாப் போகும்."

அந்த ஒரு வேலையைச் சுருக்காக முடிக்கத்தான் மூட்டையை முன்கூட்டியே மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அரை நிமிஷம் மிச்சமாகும் என்று நினைப்பு. முப்பத்தைந்து வருஷம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இருந்து, அரை நிமிஷம் மிச்சம் பிடிக்கப் பார்த்த எத்தனையோ பேரை வண்டியைவிட்டு இறக்கி நடக்கவிட்டவர் அவர். மூட்டை ஆடியது. பையிலிருந்து கழற்றிய குழாயின் வாய், மூட்டையின் ஈரக் கைப்பிடியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தது.

செய்ய வேண்டியது என்ன என்பது சுவரில் சிவப்பு மையில் இருந்தது. அவர் கையெழுத்துதான். 'வாய் எதிலாவது பட்டால்: கிளிப்பைப் பூட்டு. உட்கார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு.' ஜின்ஃபா அதைப் பார்த்தார். பாட்டு இன்னும் கிட்டே வந்தது. புது மூடியை எடுத்துக் குழாயில் திருகினார், பனியனை இழுத்துவிட்டார், ஓடினார்.

வண்டியைப் பிடித்துவிட்டார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"என்ன மாஸ்டர், முகமூடியெல்லாம் போட்டுக்கிட்டு ஓடிவர்றீங்க? பேங்க் கொள்ளையா?" என்றாள் எதிர்வீட்டு வெங் அக்கா, தன் மூட்டையை வண்டிக்குள் விசிறியபடி. "நான்தான் சொன்னேன்ல, வாசல்ல வெச்சுட்டா நானே போட்டுடறேன்னு."

"இதுகூட முடியலன்னா அப்புறம் நான் எதுக்கு அக்கா?"

"நல்லா கேட்டீங்க," என்று சொல்லி வெங் அக்கா ஒரு பையை நீட்டினாள். நட்சத்திரப் பழம். கிட்னி கெட்டவனுக்கு நஞ்சு அது. வருஷத்துக்கு நாலு தடவை அன்போடு கொடுப்பாள், ஜின்ஃபா நாலு தடவையும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார், யூஷியா நாலு தடவையும் பள்ளிக்கூடச் சமையலறைக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்கு நறுக்கிப் போடுவாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகுதான் சுவரில் இருந்த சிவப்பு வரியை மறுபடியும் படித்தார்.

ஜின்ஃபாவின் கிட்னிகள் இரண்டும் பிப்ரவரி மாதம் கடையைச் சாத்திவிட்டன. தொப்புளுக்குக் கீழே ஒரு குழாய் வைத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை, காலை ஆறு, பதினொன்று, மாலை நாலு, இரவு ஒன்பது, வயிற்றுக்குள் இருக்கும் பழைய தண்ணீரை இறக்கிவிட்டு இரண்டு லிட்டர் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ரத்தத்தின் அழுக்கெல்லாம் அந்தத் தண்ணீரோடு வந்துவிடும். வீட்டிலேயே, தன் கையாலேயே. கைதான் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு கிருமி உள்ளே போனால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். ரொம்பப் பிடித்தால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாற்காலிதான்.

நாற்காலியை அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணன் நாலு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் மெஷின். அதில் வருஷக்கணக்காக நன்றாக இருப்பவர்கள் எத்தனையோ பேர் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஜின்ஃபா கடைசியாகப் பார்த்தபோது அண்ணன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார். மறு வாரம் எழுப்புவதற்கு அண்ணன் இல்லை.

அதனால்தான் பிப்ரவரியில் அவரும் யூஷியாவும் உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு முறை வகுத்தார்கள். ஜின்ஃபாவுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: லைசென்ஸ் டெஸ்ட். ஜன்னலோரம் அவர் நாற்காலியைச் சுற்றித் தரையில் சிவப்பு டேப் ஒட்டினார். பை மாட்டியிருக்கும்போது கோட்டைத் தாண்டினால் பெயில். சுவரில் ஒரு பெரிய தாள்: ஜன்னல் சாத்து. மின்விசிறியை நிறுத்து. கடிகாரத்தைக் கழற்று. முகமூடி. கை கழுவு. மறுபடியும் கை கழுவு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மார்க் குறையும் என்பதும் பக்கத்திலேயே. முதல் வாரம் யூஷியா பென்சிலோடு எதிரில் உட்கார்ந்து மார்க் போட்டாள். மூக்கைச் சொறிந்ததற்குப் பதினாறு மார்க் குறைத்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்ததில்லை.

கடைசி வரி: 'பையைப் பேப்பர்மேல் வை. எழுத்து தெரிந்தால் பாஸ்.' இறக்கிய தண்ணீர் தெளிவாக இருந்தால் பைக்கு அடியில் வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம். கலங்கியிருந்தால் கிருமி. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த வழி இது. தினமும் பேப்பர் ஈரமாகிக் கிழிகிறதே என்று ஜின்ஃபா தன் மூளையைப் பயன்படுத்தினார். பிப்ரவரி மாதத்துத் தாள் ஒன்றை மேஜையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் போட்டுவிட்டார். துடைத்தால் போதும். வந்து பார்த்த நர்ஸ் ஜியான்கூட, "அட, நல்ல யோசனை பெரியப்பா," என்றாள்.

தலைப்பு, மீன் கூட்டுறவுச் சங்கத் தலைவர் இனிப் போட்டியிட மாட்டார் என்பது. அடியில் பொடி எழுத்தில் ஒரு விளம்பரம்: 'கிளி காணவில்லை. பச்சை. இடது காலில் வளையம். "சாப்டியா" என்று கேட்கும்.' எட்டு மாதமாக நாளுக்கு நாலு தடவை ஜின்ஃபா அந்தக் கிளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் ஐந்து மணிக்கு யூஷியா வந்தாள்.

"மீன் போச்சா?"

"போச்சு."

"நீயே போனியா?"

"பின்ன யாரு, ஜனாதிபதி வருவாரா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்ததும் உண்மை. ஆனால் அவள் செருப்பைக் கழற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு காலை ஒரு முறை நீவிவிட்டாள். அறுநூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கால். ஜின்ஃபா வாயை மூடிக்கொண்டார். நாளைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் சொல்லவே வேண்டாமே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரல் அவருக்குப் பழக்கமானது. சிவப்பு விளக்கில் போகலாம் என்று மாணவர்களுக்குச் சொல்கிற அதே குரல்.

அன்றிரவு ஒன்பது மணிப் பை தெளிவாக இருந்தது. புதன்கிழமை நாலு பையும் தெளிவு. ஜின்ஃபா விசிலடித்தார். ராத்திரிச் சாப்பாட்டில் யூஷியாவைக் கேட்டார்: "ஒருவேளை எனக்கு இந்தக் குழாய் போயிட்டா என்ன ஆகும்?"

"முட்டையைச் சாப்பிடு. ஆறிப்போகுது."

"இல்ல, சும்மா கேக்கறேன். நாற்காலிக்குப் போக வேண்டியதுதானா?"

"வெள்ளைக்கரு முழுசாச் சாப்பிடணும்னு நர்ஸ் சொன்னாங்கல்ல?"

இப்படித்தான். எட்டு மாதமாக யாரும் அவருக்கு நேரான பதில் சொன்னதில்லை. டாக்டரைக் கேட்டால் "போகப்போகப் பார்க்கலாம்". ஜியானைக் கேட்டால் "ரொம்ப யோசிக்காதீங்க பெரியப்பா". வெங் அக்காவைக் கேட்டால் நட்சத்திரப் பழம்.

வியாழன் காலை ஆறு மணிக்கு இறங்கிய தண்ணீரில் ஏதோ ஒரு சோர்வு இருந்தது. அரிசி கழுவின மூன்றாவது தண்ணீர்போல. ஜின்ஃபா பையை மேஜைமேல் வைத்தார். கிளி காணவில்லை. பச்சை. இடது காலில் வளையம். படிக்க முடிந்தது. பாஸ்.

பதினொன்றுக்கு இரண்டாவது தண்ணீர்போல இருந்தது. பொடி எழுத்தை விட்டுவிட்டுத் தலைப்புக்குப் போனார். வயசாகிறது, கண் மங்குகிறது. மீன் கூட்டுறவுச் சங்கத் தலைவர் இனிப் போட்டியிட மாட்டார். ஒரு எழுத்து விடாமல் படித்தார். அந்தப் பையைக் கழிவறையில் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் யாருமில்லை. யாருக்காகத் திருப்பினார் என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு மணிக்குமேல் வயிற்றில் யாரோ உள்ளிருந்து விரலால் அழுத்துவதுபோல் ஒரு வலி. மீன் சரியில்லை போல, என்று அவர் சத்தமாகவே சொல்லிக்கொண்டார். மீன் தின்று மூன்று நாள் ஆகிறது. நாலு மணிக்கு இறக்க உட்கார்ந்தார். தண்ணீர் மெதுவாக வந்தது, நின்று நின்று வந்தது. இருபது நிமிஷத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் இழுத்தது. குப்பை வண்டி பாடிக்கொண்டே வந்தது, பாடிக்கொண்டே போனது. ஜின்ஃபா சிவப்புக் கோட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக அந்தப் பாட்டு அவரை எழுப்பவில்லை.

யூஷியா உள்ளே வந்தபோது பை மேஜைமேல் இருந்தது. அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வாயு."

அவள் கிட்டே வந்து பையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "பாத்தியா இதை?"

"பாத்தேன், நல்லா தெரியுது. கேளு: கிளி காணவில்லை, பச்சை, இடது காலில் வளையம், 'சாப்டியா' என்று கேட்கும். போதுமா?"

"எங்க பாத்துப் படிச்ச?"

"இதோ, இங்க."

"கண்ணை மூடிக்கிட்டிருக்கடா கிழவா."

மூடிக்கொண்டுதான் இருந்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. யூஷியா தன் பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை உருவினாள். காய்கறி சுற்றிக் கொண்டுவந்த தாள். தண்ணீர்ப் பையைத் தூக்கி அடியில் அதை விரித்தாள்.

"இதைப் படி."

ஜின்ஃபா குனிந்தார். பைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த சுவர்போல.

"வெளிச்சம் போதல."

அவள் விளக்கைப் போட்டாள்.

"தலைப்பைப் படி. பெரிய எழுத்து."

"ஏதோ... அமைச்சர்..."

"அமைச்சர் இல்லாத தலைப்பு எந்த ஊர்ல இருக்கு? என்ன அமைச்சர்? எங்க போனார்?"

அவரால் முடியவில்லை. ஒரு எழுத்துகூட முடியவில்லை. பையில் இருந்தது தண்ணீரே அல்ல, சோயாப் பால். காலையிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது. அவர் படித்ததெல்லாம் தன் ஞாபகத்தை.

"செவ்வாய்க்கிழமை," என்றார்.

"செவ்வாய்க்கிழமை என்ன?"

"மீன்."

சொல்லிமுடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மணிக்கட்டு, மூட்டை, குழாயின் வாய், மூடி. இரண்டு நாள் சுமந்தது அவ்வளவுதான். அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சிவப்பு மையில் இருந்த எண்ணுக்குப் போன் பண்ணி, "கலங்கியிருக்கு, வலி இருக்கு, வர்றோம்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"பையை எடுத்துக்க. அதை அவங்க பாக்கணும்."

தைனானின் சாயங்கால நெரிசலில் யூஷியா ஓட்ட, பின்னால் ஜின்ஃபா இரண்டு லிட்டர் கலங்கல் தண்ணீரைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அவரிடம் படித்து இரண்டு தடவை பெயிலான ஒரே மாணவி அவள்தான். இரண்டு தடவையும் அவர்தான் பயிற்சிக் களத்தில் முகத்துக்கு நேரே "பெயில்" என்று சொன்னார். அப்படிச் சொன்ன பிறகும் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

"மஞ்ச விளக்கு," என்றார் பழக்கத்தில்.

"வாயை மூடு," என்றாள் யூஷியா. அவள் தோள் நடுங்குவது அவர் கைக்குத் தெரிந்தது. சாலை மேடு பள்ளம் என்று நினைக்கப் பார்த்தார். சாலை வழவழவென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஜியான் பையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். முகமூடிக்குமேல் கண்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப் பயிற்சி பெற்ற கண்கள். குழாயின் முனையை மாற்றினார்கள். புதுத் தண்ணீரில் மருந்தைக் கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள்.

"அஞ்சு நாள் பாப்போம்," என்றார் டாக்டர். "அதுக்குள்ள தெளியணும்."

"தெளியலன்னா?"

"பாப்போம்."

தெளியவில்லையென்றால் குழாயை எடுத்துவிடுவார்கள் என்பதைப் பக்கத்துப் படுக்கைக்காரர்தான் சொன்னார். அவருக்குப் போன வருஷம் எடுத்தார்களாம். செவ்வாய், வியாழன், சனி நாற்காலி. "மெத்துனுதான் இருக்கும், பழகிடும்," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஜின்ஃபாவுக்கு மெத்தென்ற நாற்காலியும் கவிழ்ந்த தொப்பியும் கண்முன் வந்தன.

வெள்ளி கலங்கல். சனி கலங்கல். ஞாயிறு கொஞ்சம் பரவாயில்லை என்று ஜியான் சொன்னாள், ஆனால் அவள் கருணையுள்ளவள், நம்புவதற்கில்லை. ஒவ்வொரு பை நிறையும்போதும் ஜின்ஃபா குழாயில் இறங்கும் முதல் துளியைப் பார்த்தார். டெஸ்டுக்கு வந்த பையன்கள் தன் பேனாவைப் பார்த்தது இப்படித்தானா என்று நினைத்துக்கொண்டார். பாவிப்பயல்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் யூஷியா சுருட்டிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். சுவரில் ஒட்டியிருந்ததற்குப் பதில் புதிது. அவள் கையெழுத்து. மார்க் எதுவும் இல்லை.

முதல் வரி: 'தப்பு நடந்தா உடனே சொல்லு.' அடுத்தது: 'குப்பை, வெங் அக்கா.' அப்புறம்: 'பேப்பர், அன்னிக்கு வந்தது மட்டும்.' அதற்குக் கீழேதான் ஜன்னல், மின்விசிறி, கை.

"வெங் அக்காகிட்ட பேசிட்டேன். 'இவ்வளவு நாள் கேட்டேன், அந்த மனுசன் விடல'ங்கறா."

"மேஜையில இருந்த கிளி?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்." அவள் தாளைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். "நானும் எட்டு மாசமா அந்தக் கிளியைத்தான் பாத்துட்டிருந்தேன். பையை ஒருநாள்கூடப் பாக்கல. நீ கடகடன்னு ஒப்பிப்ப, நான் சோத்தைப் போடப் போயிடுவேன்."

"இதெல்லாம் வீட்டுக்கு வந்தாத்தானே யூஷியா. வருவேனா?"

"கஞ்சி குடி," என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

செவ்வாய் காலை ஐந்தாவது நாள். யூஷியா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பை நிறைந்தது. ஜியான் அதைக் கழற்றி எடுத்தாள். ஜின்ஃபா பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "பேப்பர் புதுசா இருக்கணும்," என்றார்.

"கீழ இப்பத்தான் வாங்கினேன்," என்றாள் யூஷியா. "நானே இன்னும் பிரிக்கல."

தாள் விரியும் சத்தம். பை மேலே அமரும் சத்தம்.

"படிங்க பெரியப்பா," என்றாள் ஜியான்.

ஜின்ஃபா எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்துவைத்திருக்கிறோமா என்று ஒரு தடவை சோதித்துக்கொண்டார். பிறகு குனிந்து, தலைப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மூலையில் இருந்த பொடி எழுத்துக்குப் போனார். "'தென்பகுதியில்... பகலில் வெயில்... மாலையில்... லேசான தூறல் இருக்கலாம். கடலோரத்தில்...'" நிறுத்தினார். "கடலோரத்தில் காற்று." இதற்குமுன் இந்த வரியை அவர் பார்த்ததில்லை. சத்தியமாகப் பார்த்ததில்லை.

ஜியான் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மூடினாள். சோதனைக்கூடத்துக்குப் போய்வந்தாள். அரை மணி நேரம். யூஷியா செய்தித்தாளை எட்டாக மடித்தாள், பதினாறாக மடித்தாள்.

ஜியான் திரும்பி வந்து படுக்கையின் பக்கத்தில் நின்றதும் ஜின்ஃபா கையை உயர்த்தினார்.

"'பார்க்கலாம்'னு மட்டும் சொல்லாதேம்மா. 'கவலைப்படாதீங்க'ன்னும் வேண்டாம். ஆயிரம் பேரு மூஞ்சிக்கு நேரா பெயில்னு சொன்னவன் நான். அதுல ஒருத்தி இதோ நிக்கறா. எனக்கும் அப்படியே சொல்லு. வீடா, நாற்காலியா?"

ஜியான் யூஷியாவைப் பார்த்தாள். யூஷியா தலையசைத்தாள். ஜியான் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"வீடு. கிருமி அடங்கிடுச்சு, குழாய் தப்பிச்சுது. இன்னும் ரெண்டு வாரம் மருந்து. கை நழுவறது தப்பில்ல பெரியப்பா, எல்லாருக்கும் நழுவும், எனக்கும் நழுவியிருக்கு. அன்னிக்கு நாலு முப்பத்தஞ்சுக்கே போன் பண்ணியிருந்தா, முனையை மாத்தி ஒரு வேளை மருந்தோட அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ரெண்டு நாள் மறைச்சீங்க பாருங்க, அதுல குழாயே போக இருந்துச்சு. இந்தத் தடவை வயிறு தாங்கிடுச்சு. இன்னொரு தடவை மறைச்சீங்கன்னா தாங்காது. அன்னிக்கு நான் பேப்பர் கொண்டுவர மாட்டேன். குழாயை எடுக்கறதுக்குக் கையெழுத்து வாங்கற ஃபாரத்தைத்தான் கொண்டுவருவேன்."